உள்ளூர் மொட்டை

திருத்தணியில் ஒருவர் காணாமல் போக விரும்பினால் ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை. தலையை மழித்துச் சந்தனம் பூசிக்கொண்டால் போதும். நாள் தவறாமல் நூற்றுக்கணக்கில் மொட்டைகளைப் பார்த்துப் பழகிய ஊர் இது. மொட்டை என்றால் வெளியூர். வெளியூர் என்றால் வழி கேட்பார்கள்; வழி தெரிந்திருந்தால் செருப்பை எங்கே விடுவது என்று கேட்பார்கள். சந்தனத்துக்குக் கீழே ஒரு முகமும் இருக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரம் வாய்த்ததில்லை.

இந்த அரிய உண்மையைக் கண்டறிந்தவள் பானுப்ரியா. வயது பதினேழு, பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. கண்டுபிடிப்புக்காக அவளுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. அதை அவள் தன் தலையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பானு மலையடிவாரத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டில் அம்மா ஜெயம்மாளோடு குடியிருந்தாள். அம்மாவும் மகளும் அந்த அறையை முறை வைத்துப் பயன்படுத்தினார்கள் என்பது இன்னும் சரியாக இருக்கும். விடியற்காலை முதல் பஸ்ஸில் அம்மா கனகம்மாசத்திரத்துக்குப் போவாள். அங்கே ரோட்டோர ஓட்டல் ஒன்றில் ஊருக்கெல்லாம் இட்லி ஊற்றிப் போட்டுவிட்டு ராத்திரி எட்டு மணி பஸ்ஸில் திரும்பி, பேசுவதற்குத் தெம்பில்லாமல் படுப்பாள். நைனா கிருஷ்ணன் மூன்று வருடமாக நகரியில் வேன் ஓட்டிக்கொண்டு இருந்தார். நகரி பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் வேறு மாநிலம். அங்கே அவருக்கு வேறு வீடு, வேறு சம்சாரம். மாநில எல்லைகளை வகுத்த பெரியவர்கள் இப்படிப்பட்ட சௌகரியங்களையும் மனத்தில் வைத்துத்தான் கோடு போட்டிருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பானுவுக்கு நல்ல பெயர் இருந்தது என்று எழுத ஆசைதான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு டியூப் லைட், பத்தாம் வகுப்பில் சக மாணவி ஒருத்தியின் முன்பல், பிளஸ் ஒன்னில் இரண்டு ஜன்னல் கண்ணாடி. வகுப்புக்கு ஒன்றாக அவள் முன்னேறி வந்த விதத்தை ஆசிரியர்கள் ஓய்வறை கவலையோடு கவனித்துவந்தது. "அந்தப் பொண்ணா?" என்று அங்கே கேட்டால் எந்தப் பெண் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

சுந்தரி மிஸ் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. அபிராமசுந்தரி என்பது முழுப் பெயர்; தாவரவியல்; வயது ஐம்பத்திரண்டு; கல்யாணம் ஆகவில்லை. பரம்பரையாக மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். தம்பி நாராயணசுவாமி இன்றைக்கும் அங்கேதான் கரண்டி பிடிக்கிறார். தம்பி மேலே ஊருக்கே சமைத்தார், அக்கா கீழே தன் ஒருத்திக்காகச் சமைத்துச் சாப்பிட்டார். எந்த மாணவி ஒரு நாள் வரவில்லை என்றாலும் அன்று சாயங்காலமே குடையோடு அவள் வீட்டு வாசலில் நிற்பது மிஸ்ஸின் வழக்கம். சில வீடுகளில் அந்தக் குடையைப் பார்த்ததுமே விளக்கை அணைத்துவிடுவார்கள்.

போன ஜூன் மாதம் பானு வரைந்த இருவித்திலைத் தண்டின் குறுக்கு வெட்டுத் தோற்றத்தை மிஸ் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கிட்ட ஒண்ணு இருக்கு பானு" என்றார்.

என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. பானுவும் கேட்கவில்லை, கேட்டால் இல்லையென்று ஆகிவிடுமோ என்ற பயம். அவளைப் பற்றி அதுவரை ஊர் சொன்னதெல்லாம் இல்லாதவற்றின் பட்டியல்தான்: அடக்கம் இல்லை, அப்பன் இல்லை, அறிவு இல்லை. இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னது இதுவே முதல் தடவை. ஆறு மாதம் அவள் அந்த ஒன்றைத் தேடினாள். கண்ணாடியில் தேடினாள், பரீட்சைத் தாளில் தேடினாள், அம்மா தூங்கிய பிறகு கையைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மதியத்தில் மிஸ் தன் டிபன் பாக்ஸைத் திறந்து புளியோதரையைப் பாதியாகப் பிரிப்பார். பானுவுக்கு வேர்க்கடலை பிடிக்கும் என்பதால் அத்தனை கடலையையும் ஸ்பூனால் பொறுக்கி அவள் பக்கம் ஒதுக்கித் தள்ளுவார். பேச்சு அதிகம் இருக்காது. ஒரு ஜன்னல்கூட அந்த ஆறு மாதத்தில் உடையவில்லை.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம் அந்த விபரீதம் நடந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பானு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே சாய்லக்ஷ்மியின் விசும்பல். சாய்லக்ஷ்மி என்பவள் அந்த வருடத்தில் மட்டும் நான்கு ஸ்லைடுகளை உடைத்தவள். வேருக்கும் தண்டுக்கும் வித்தியாசம் கேட்டால் அழுகிறவள். அழுகைக்கு நடுவில் மிஸ்ஸின் குரல் தெளிவாகக் கேட்டது: "அழாத. உங்கிட்ட ஒண்ணு இருக்கு சாய்லக்ஷ்மி."

பானு முறைப்படி ஒரு விசாரணை நடத்தினாள். இரண்டே நாளில் ஏழு பெண்களைக் கேட்டாள். ஐந்து பேரிடம் ஒன்று இருந்தது. ஒருத்தியிடம் எட்டாம் வகுப்பிலிருந்தே இருந்துவந்தது. பக்கெட்டில் எலுமிச்சைச் செடி வளர்க்கிற வாட்ச்மேன் பரசுராமனிடமும் போன ஆடியில் ஒன்று இருப்பதாக மிஸ் சொல்லியிருந்தார். எல்லாரிடமும் இருந்தால் அது என்ன பெரிய ஒன்று. ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிற மாதிரி கார்டுக்கு இவ்வளவு என்று மிஸ் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். இவள் அதைத் தங்கம் என்று பொத்திவைத்திருக்கிறாள்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் மிஸ் அவள் ரெகார்டு நோட்டைப் புரட்டி, வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் பானு எழுந்துவிட்டாள்.

"அது இன்னா ஒண்ணுன்னு இப்பவே சொல்லுங்க மிஸ்."

மிஸ் சிரித்தார். முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார். பதில் கேட்டது இவள்தான் முதல்.

"வீட்ல யாரும் இல்லன்னு எங்ககிட்ட வந்து ஒட்டிக்கினு இருக்கீங்க. அதான?"

நாற்பது பெண்களும் அதைக் கேட்டார்கள். மிஸ் பக்கத்தில் இருந்த மைக்ராஸ்கோப்பில் குனிந்து கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். அதில் ஸ்லைடு இல்லை என்பது முதல் வரிசைக்குத் தெரிந்தது. பானுவுக்கும் தெரிந்தது. ரெகார்டு நோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு அவள் வெளியே போனாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போக முடியவில்லை. கோபத்தினால் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த மைக்ராஸ்கோப்பை மறுபடி பார்க்க வேண்டியிருக்குமே என்பதுதான் காரணம். வராதவர்களின் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி போகும். ஆனால் பதிவேட்டில் இருந்தது நைனாவின் பழைய நம்பர் என்பதால், மகள் வரவில்லை என்ற செய்தி தினமும் ஆந்திராவில் எங்கோ போய் விழுந்தது. குடையும் வரவில்லை. முதல் நாள் சாயங்காலம் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாளும். ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொன்னால் ஒட்டிக்கொள்வதை நிறுத்திவிடுவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் வெளியே வந்தால் ஊர் சும்மா விடவில்லை. டீக்கடை சிவப்பிரகாசம், "ஸ்கூல் போவலையா?" என்றார். பூக்கடையில் கேட்டார்கள், மாவு மில்லில் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல் அம்மாவிடம் சொல்வதாக வாக்குறுதியும் கொடுத்தார்கள். பொது நலத்தில் இத்தனை அக்கறை உள்ள ஊரில் ஒரு பெண் நிம்மதியாகச் சீரழிய முடியாது. மூன்றாம் நாள் காலை, முடி காணிக்கை மண்டபத்திலிருந்து வெளியே வந்த ஒரு குடும்பத்தையே சிவப்பிரகாசம் பார்க்காமல் பார்த்து டீ ஆற்றுவதை அவள் கவனித்தாள். அப்போதுதான் அந்தக் கண்டுபிடிப்பு உதித்தது.

மண்டபத்தில் ஊர் கேட்டார்கள், சித்தூர் என்றாள். சவரக்காரர் தெலுங்கில், பூமுடியா முழு மொட்டையா என்று விசாரித்தார். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று கத்தரி போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள். முழுசாக என்றாள். வீட்டுக்காரர்கள் எங்கே என்றார். சரவணப் பொய்கையில் குளிக்கிறார்கள் என்றாள். ரெட்டைப் பின்னலின் ரிப்பனை மட்டும் அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட ரிப்பன், தொலைத்தால் திட்டுவார்கள் என்ற பழக்கம்.

அன்றிரவு ஜெயம்மாள் கதவைத் திறந்து, சுவரில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"வேண்டுதல்மா" என்றாள் பானு.

"யாருக்குடி வேண்டிக்கின?"

"சொல்லக்கூடாது."

"ஆங். சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது" என்று ஜெயம்மாள் அவசரமாக ஒப்புக்கொண்டாள். சாமி காரியத்தில் குறுக்கே பேச எந்தத் தாய்க்கும் தைரியம் வராது. அதைவிட, யாருக்காக என்று தனக்குத் தெரிந்துவிட்டதாகவே அவள் முடிவு செய்தாள். நகரி இருக்கிற திசையில் ஒரு தடவை பார்த்துவிட்டு, மகளுக்குச் சூடாக ரெண்டு தோசை வார்த்தாள். மறுநாளிலிருந்து முதல் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால், தூங்குகிற பெண்ணின் தலைக்குத் தன் கையால் சந்தனம் பூசிவிட்டுப் போனாள். மகளை ஊரின் கண்ணிலிருந்து மறைக்கிற திருப்பணியில் தாய் இப்படித் தெரியாமலே பங்கெடுத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் பானு ராணி மாதிரி திரிந்தாள். சிவப்பிரகாசம் அவளை "அம்மா" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, படிக்கட்டுக்கு இப்படிப் போங்க என்று தெலுங்கில் வழி காட்டினார். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிட்டு வந்தவர் அவர். பூக்கடைக்காரி சாமந்தி முழத்துக்கு வெளியூர் விலை சொன்னாள். மலைமேல் அன்னதான வரிசையில் யாரோ ஒரு குடும்பத்தின் பின்னால் நின்று சாப்பிட்டாள். அந்தக் குடும்பம் அவளைப் பின்னால் இருந்த குடும்பத்தின் பெண் என்று நினைத்தது, பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் பெண் என்று நினைத்தார்கள். இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் இலை போட்டு ஒருத்தி இத்தனை தனியாகச் சாப்பிட முடியும் என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது.

நான்காம் நாள் அலுத்துவிட்டது. ஐந்தாம் நாள் பயம் வந்தது. டீக்கடை எதிரில் போய், முகத்தை நன்றாக வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. கழிப்பறை அந்தப் பக்கம் என்று ஒருவர் கை காட்டினார். பள்ளி வாசல் வரை போனாள். வாட்ச்மேன் பரசுராமன் எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடியே, கோயில் இது இல்லை, அதோ அது என்று மலையைச் சுட்டினார். மலையைக் கோயில் என்று அவளுக்கு அறிமுகம் செய்துவைத்ததில் அவருக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கூட்டம். அடிவாரத்தில் வேன்கள் வரிசையாக நின்றன. ஒரு வேனின் கதவில் சாய்ந்து, வெற்றிலை மென்றபடி, நைனா நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது. பானுவின் கால்கள் தாமாகவே அங்கே போய் நின்றன. அவர் அவள் தலையைப் பார்த்தார். மொட்டை ஆகிவிட்டது, சந்தனம் காய்ந்துவிட்டது, எனவே தரிசனம் முடிந்து திரும்புகிற கிராக்கி என்று தொழில் அனுபவத்தில் கணித்தார்.

"எக்கட தல்லி? நகரியா, புத்தூரா? சீட் ஒண்ணு காலி."

எங்கேயும் இல்லை என்று தெலுங்கில் சொன்னாள். அவர் அடுத்த மொட்டையிடம் போனார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் பெண் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். பானு பொய்கைக் கரையில் போய் உட்கார்ந்து, தண்ணீரில் தெரிந்த தலையைப் பார்த்தாள். அவளுக்கும் அது யாரென்று சட்டென்று பிடிபடவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தர். தை கிருத்திகை அன்று சுந்தரி மிஸ் படியேறி வருவார். எந்தக் கிருத்திகையும் தவறியதில்லை. அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டால், ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். தெரியவில்லை என்றால் இல்லை. இல்லையென்றால் அந்தக் காலி சீட்டில் ஏறி நகரிக்கோ புத்தூருக்கோ எங்கேயோ போய்விடுவது. போனாலும் ஊருக்குத் தெரியப்போவதில்லை. ஒரு வெளியூர் மொட்டை திரும்பிப் போனதாகக் கணக்காகிவிடும். இப்படித் தன் எதிர்காலம் முழுவதையும் ஐம்பத்திரண்டு வயது ஆசிரியை ஒருவரின் மூக்குக் கண்ணாடியின்மேல் ஏற்றி வைத்துவிட்டு, கிருத்திகை சாயங்காலம் பாதி மலையில், படியோரத்து மண்டபத்தில் போய் அவள் உட்கார்ந்தாள்.

காவடிகள் போயின. மேளம் போயிற்று. மஞ்சள் புடவைகள் கூட்டம் கூட்டமாகப் போயின. ஐந்தரை மணிக்கு மிஸ் வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் துணிப்பை; இருபது படிக்கு ஒரு தடவை நின்று, தான் மூச்சு வாங்கவில்லை என்பதைக் காட்ட ஊரை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை. மண்டபத்துக்கு நேராக வந்தபோது அவளைப் பார்த்தார். பார்வை சந்தனத்தில் ஒரு நொடி நின்று முகத்துக்கு இறங்கியது.

"மெல்லகா எக்கு தல்லி" என்றார் தெலுங்கில். மெதுவாக ஏறு தாயே, கொஞ்சம்தான் இருக்கிறது, உன்னால் முடியும்.

பானு கணக்குப் போட்டாள். சாய்லக்ஷ்மிக்குச் சொன்னார், வாட்ச்மேனுக்குச் சொன்னார், இப்போது பெயர் தெரியாத மொட்டைக்கும் சொல்கிறார். வேன்கள் எத்தனை மணி வரை இருக்கும் என்று யோசித்தாள்.

மிஸ் போகவில்லை. ரெண்டு அடி தள்ளி அதே மண்டபத்தில் உட்கார்ந்தார். காலை நீவிவிட்டுக்கொண்டார். துணிப்பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார். மூடியைத் திறந்து, புளியோதரையை ஸ்பூனால் நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். அதோடு நிற்கவில்லை. தன் பாதியில் இருந்த வேர்க்கடலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எதிர்ப்பாதிக்குத் தள்ள ஆரம்பித்தார். ஒரு கடலை சோற்றுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. அதையும் விடவில்லை. பிறகு மூடியில் அந்தப் பாதியைக் கொட்டி, ஊரைப் பார்த்தபடியே இந்தப் பக்கம் நகர்த்தினார்.

பானு மூடியைப் பார்த்தாள். ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மிஸ் தெலுங்கிலேயே பேசினார். பாடப்புத்தகத் தெலுங்கு, வினைச்சொற்கள் எல்லாம் இஸ்திரி போட்டு மடித்து வைத்த மாதிரி. தான் இந்த ஊரில் டீச்சர் என்றும், தன் வகுப்பில் ஒரு பெண் ரெகார்டு நோட்டை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றும் அந்த வெளியூர்ப் பெண்ணுக்குத் தெரிவித்தார். வேரின் குறுக்கு வெட்டுப் படத்தில் பாகங்கள் இன்னும் குறிக்கப்படவில்லை. பன்னிரண்டு நாளில் வெளியூர் எக்ஸாமினர் வருகிறார். பெயரைக் கேட்டாலே ஆய்வுக்கூடத்துத் தவளைகள் பயப்படும். அந்தப் பெண்ணின் வீடு தெரியும், வாசல் வரை ரெண்டு தடவை போனதும் உண்டு, கதவைத் தட்டவில்லை. ஒட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதும் உண்மைதான். அதனால் மறுபடி தட்டுவது நன்றாக இருக்காது. போகிற வழியில் எங்கேயாவது அவளைப் பார்த்தால், ரெகார்டு நோட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்று கொஞ்சம் சொல்லிவிட முடியுமா.

பானு வாயில் இருந்த கடலையை விழுங்கினாள். "சூஸ்தே செப்தானண்டி" என்றாள். பார்த்தால் சொல்கிறேன்.

மிஸ் தலையாட்டினார். மூடியை வாங்கிக் கழுவாமலே பையில் போட்டுக்கொண்டு, குடையை ஊன்றி எழுந்தார். அடுத்த இருபது படியை நிற்காமல் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சள் புடவைக் கூட்டம் ஒன்று நடுவில் புகுந்து அவரை மறைத்துவிட்டது. பானு இருட்டுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கீழே வேன்கள் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டு வடக்கே போயின. கடைசி வேனையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்தாள். பரசுராமன் குவளையும் கையுமாகக் குறுக்கே வந்து, கோயில் இது இல்லை என்று தெலுங்கில் ஆரம்பித்தார்.

"தெரியும்ணா. நான் பானு."

அவர் தலையைப் பார்த்தார், யூனிஃபார்மைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். மூன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் வழிவிட்டார்.

வகுப்பில் நாற்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வழக்கமாக உட்கார்கிற பெஞ்சில் பையை வைத்ததும் பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்தாள். பிறகு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். பானு அந்த நீளமான பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்தாள். மிஸ் வருகைப் பதிவேட்டைத் திறந்து, நிமிர்ந்து பார்க்காமல் வரிசையாகப் பெயர் படித்தார். "பானுப்ரியா" என்றதும் இல்லாத வழக்கமாக ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். அவள் வராத நாளெல்லாம் அந்த இடத்தில் அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருந்தார் என்று சாய்லக்ஷ்மி பிற்பாடு சொன்னாள்.

"உள்ளேன் மிஸ்."

அடுத்த பெயருக்குப் போனார். மேஜை ஓரத்தில் ரெகார்டு நோட்டு, அவள் விட்டுப்போன பக்கத்திலேயே திறந்திருந்தது. பானு எடுத்துப் போய் வேரின் பாகங்களைக் குறித்தாள். மிஸ் கையெழுத்துப் போட்டார். மதியம் மிஸ் டிபன் பாக்ஸைத் தனியாகத் திறந்தார். பானு கூப்பிடுவாரா என்று பார்த்தாள். அவர் இவளாக வருவாளா என்று பார்த்தார். மணி அடித்துவிட்டது.

அந்த வருடத்தின் மிச்ச நாட்களில், உங்கிட்ட ஒண்ணு இருக்கு என்று பானுவிடம் சுந்தரி மிஸ் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மற்ற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.